ஹெச்சுக்கும் ஜேவுக்கும் நடுவே

கல்லாங்காட்டுப்புதூரில் கோழிப்பண்ணையாக இருந்து விமான ஆபீஸாக மாறிய அந்தக் கட்டடம் வருஷத்துக்கு ஓர் அறை வீதம் தானாகவே வளர்ந்தது என்று நீங்கள் போய்ச் சொன்னால், ஊர்க்காரர்கள் உங்களை நிறுத்தித் திருத்துவார்கள்: வருஷா வருஷமெல்லாம் வளரவில்லை, மழை பொய்த்த வருஷம் வளரவில்லை, நோய்க்குப் பயந்து ஊரே கதவடைத்துக் கிடந்த வருஷம் வளரவில்லை, மற்றபடி வளர்ந்தது வாஸ்தவம்தான், அதில் என்ன இருக்கிறது, புடலங்காய்கூடத்தான் வளருகிறது, அந்தக் கட்டடத்துக்குள்ளே யார் யார்மேல் சந்தேகப்பட்டார்கள் என்று கேளுங்கள், அதைச் சொல்கிறோம் என்பார்கள். கேட்டால் விடமாட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்துச் சொல்வார்கள்.

ஆரம்பத்தில் மூன்றே பேர்தான். பெங்களூரில் விமான வேலை பார்த்துச் சலித்துப்போய் ஊர் திரும்பிய சென்னியப்பன், அவனோடு காலேஜில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த மௌனகுரு, மௌனகுருவின் பெண்டாட்டி ரேணுகாதேவி. சீக்கு வந்து கோழிகள் எல்லாம் போய்ச் சேர்ந்தபின் சும்மா கிடந்த அப்பன் வீட்டுப் பண்ணையைச் சென்னியப்பன் கழுவிச் சுண்ணாம்படித்து மூன்று மேசை போட்டான். சீமையில் விமானம் கட்டுகிறவர்கள் இன்ன இடத்தில் இன்ன பாரம் தாங்க வேண்டும் என்று எழுதி அனுப்புவார்கள், இவர்கள் அதற்கு ஒரு பிராக்கெட் வரைந்து கணக்குப் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இறக்கைக்குள்ளே ஒளிந்துகிடக்கும் உள்ளங்கை அகலத் தகடு அது, ஏறி உட்கார்ந்து போகிற ஒருத்தர் கண்ணிலும் ஆயுசுக்கும் படாது, படாமல் இருக்கிறவரைக்கும் அவருக்கு நல்லது.

ஒவ்வொரு படத்தின் கீழ் மூலையிலும் மூன்று கட்டம் இருக்கும்: வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் கொடுத்தவர். மௌனகுரு வரைவான், ரேணுகாதேவி சரிபார்ப்பாள், சென்னியப்பன் ஒப்புதல் போடுவான். சரிபார்க்கிற வேலை என்றால் சந்தேகப்படுகிற வேலை, மாசம் பிறந்தால் அதற்குத்தான் சம்பளம். கட்டின புருஷன் வரைந்ததாயிற்றே என்று கண்ணை மூடிக்கொள்ளக் கூடாது. முதல் படத்தைக் கையில் கொடுத்தபோது மௌனகுருவே அவளுக்குச் சொன்னான்: "தப்பு இருந்தாச் செவப்பு வட்டம் போடு. தப்பு இல்லையா, கையெழுத்துப் போட்டு அன்னைக்கே ரிலீஸ் பண்ணிரு. பாத்துட்டே உக்காந்திருக்கக் கூடாது புள்ள, அது படத்துக்கும் ஆகாது, மனுசனுக்கும் ஆகாது." அவன் பேசுகிறதே அபூர்வம், பேர் வைத்தவர்கள் ஜாதகம் பார்த்துத்தான் வைத்திருப்பார்கள் போல, அதனால் அவன் சொன்ன அந்த நாலு வார்த்தை அவளுக்கு மறக்கவே இல்லை.

முதல் அறை முளைத்தது ஆயுத பூஜைக்கு மறுநாள். கம்ப்யூட்டருக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்கேலையும் வெர்னியரையும் வாழையிலையில் பரப்பி, பூசணிக்காய் உடைத்து, இன்றைக்கு யாரும் கருவியைத் தொடக்கூடாது என்று பூட்டிக்கொண்டு போனவர்கள் விஜயதசமி காலையில் வந்து திறந்தால், மேற்குச் சுவரில் ஒரு கதவு, கதவுக்கு அந்தப்பக்கம் ஓர் அறை, அறையில் ஈரச் சுண்ணாம்பு வாசனை, இரண்டு ஜன்னல், ஒரு மின்விசிறி. கதவுக்கு மேலே சின்ன முக்கோணத்துக்குள் பி என்று ஆங்கில எழுத்து. படத்தைத் திருத்தும்போதெல்லாம் ஏ, பி, சி என்று முக்கோணத்துக்குள் எழுத்துப் போடுவது இந்தத் தொழிலின் வழக்கம், கட்டடமும் தன்னை ஒருமுறை திருத்திக்கொண்டதாகத்தான் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சென்னியப்பன் மின்விசிறியைப் போட்டுப் பார்த்தான். ஓடியது.

ஊர் அதை நம்பாமலில்லை, நம்பியபின்தான் சந்தேகப்பட ஆரம்பித்தது. பக்கத்துக் காட்டுக்காரர் தன் வரப்பைக் கயிறு போட்டு அளந்தார், ஒரு விரல்கடை குறைகிறது என்றார், மறுபடி அளந்து ஒரு விரல்கடை கூடுகிறது என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். பஞ்சாயத்தில் இருந்து வந்தவர் யாரிடம் பிளான் அப்ரூவல் வாங்கினீர்கள் என்று கேட்டார், யாரும் கட்டவில்லை என்றதற்கு, கட்டாவிட்டால் பரவாயில்லை வரியைக் கட்டுங்கள் என்றார். கொத்தனார் ஆறுச்சாமிதான் ரகசியமாகக் கட்டிக் கொடுத்துக் காசு பார்த்துவிட்டார் என்று மற்ற கொத்தனார்கள் அவரோடு பேச்சை நிறுத்தினார்கள், அந்தக் காசு எங்கே என்று அவர் பெண்டாட்டி ஒரு வாரம் சோறு போடவில்லை. "நான் கட்டலைங்க, என்ற கொலுறு அப்பிடியே காஞ்சு கெடக்குது பாருங்க" என்று பாவம் அந்த மனுஷன் கொத்துக்கரண்டியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் காட்டினார். வருஷங்கள் ஓட ஓட, புரட்டாசி பிறந்தாலே தண்ணீர் பிடிக்கிற இடத்தில் பெண்கள் பேசிக்கொள்வார்கள்: "ஆபீசு முழுகாம இருக்குதாமா, இந்த வருசம் பெரிய ரூம்பாப் பொறக்கும்போல." பிறக்கவும் செய்தது. அறை வந்த மாசமே அந்த அறைக்கு அளவான வேலையும் சீமையிலிருந்து வந்தது, வேலை வந்தால் ஆள் வந்தது, ஆள் வந்தால் அந்த ஆள் எப்படிச் சேர்ந்தான், யார் சிபாரிசு என்று பழைய ஆட்கள் சந்தேகப்பட்டார்கள். இப்படியாக சி வந்தது, டி வந்தது, ஹெச் வரைக்கும் வந்துவிட்டது.

ஹெச் அறைக்கு அடுத்த ஆயுத பூஜை அன்றைக்குத்தான் அந்தக் காரியம் நடந்தது. பூஜை முடிந்து ரேணுகாதேவி எல்லோருக்கும் சுண்டல் போட்டாள், சாப்பிட்டார்கள், கை கழுவினார்கள், சென்னியப்பன் சாவியை எடுத்தான். வாசல்வரை வந்த மௌனகுரு, "கண்ணாடிய வெச்சுட்டு வந்துட்டன், நீ முன்னால போ" என்று சொல்லி உள்ளே திரும்பினான். அவள் முன்னால் போனாள். அவன் பின்னால் வரவில்லை.

காலையில் போய்ப் பார்த்தால் அவனுடைய வண்டி வாசலில் நிற்கிறது, செருப்பு கிடக்கிறது, ஹெச் அறையில் அவள் மேசைக்கு எதிரே இருந்த அவனுடைய நாற்காலியைக் காணோம், அவனையும் காணோம். ஆபீஸோ வேறொரு அதிசயத்தைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது. ஹெச்சுக்கு அடுத்து ஐ வர வேண்டும், வந்திருந்த புது அறையின் மேல் முக்கோணத்துக்குள் ஜே என்று இருந்தது. விமானப் படங்களில் ஐ எழுத்தை விட்டுவிடுவார்கள், அது ஒன்று என்கிற எண்ணைப் போலவே தெரியும், ராத்திரி ஷிப்ட் வேலையாள் குழம்பிப்போய் எதையாவது தலைகீழாக மாட்டிவிடுவான் என்று ஏற்பட்ட விதி. "பாரேன், கட்டடத்துக்கே ரூல் தெரிஞ்சிருக்குது" என்று எல்லோருக்கும் பெருமை பிடிபடவில்லை. ரேணுகாதேவி ஒருத்திதான் முக்கோணத்தைப் பார்க்காமல் சென்னியப்பன் கையில் இருந்த சாவிக்கொத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கு அவள் மனசில் விழுந்தது அந்தச் சந்தேகம். பூட்டியது சென்னியப்பன், உள்ளே தேடிப் பார்த்து ஆளில்லை என்றபின்தான் பூட்டினேன் என்று சொன்னதும் சென்னியப்பன், சாவி வைத்திருந்தது சென்னியப்பன், கம்பெனியில் பாதி மௌனகுருவுடையது, மௌனகுரு இல்லையென்றால் முழுசும் யாருடையது? போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் நாள் கணக்காக உட்கார்ந்தாள். நாற்காலியோடு எவனம்மா ஓடிப்போவான், வீட்டில் ஏதாவது சண்டையா என்று அவளையே மேலும் கீழும் பார்த்தார் இன்ஸ்பெக்டர். மஸ்கட்டில் பார்த்தேன் என்றான் ஒருவன், மடத்தில் பார்த்தேன் என்றான் இன்னொருவன். கல்யாண வீட்டில் இவளுக்குக் குங்குமம் கொடுப்பதா வேண்டாமா என்று தட்டு ஒரு நிமிஷம் தயங்கி நிற்கும், அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவள் கல்யாணங்களுக்குப் போவதை நிறுத்தினாள். வேலையை மட்டும் விடவில்லை. அவள் கூடப்பிறந்த அண்ணன் ஆறுதலாக வேறு கம்பெனி பார்க்கலாம் என்றதற்கு, "நான் போயிட்டா அந்தச் சென்னியப்பன யாருங்ணா பாக்கறது?" என்று கேட்டாள். புருஷனுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் அந்த ஹெச் அறையை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று மாரியம்மன் கோயிலில் துணி முடிந்து வைத்தாள்.

அப்படியாக அவள் சென்னியப்பனைச் சரிபார்க்கத் தொடங்கினாள். அவன் கார் மாற்றினால் ஏன் மாற்றினான், கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தால் எந்தப் பாவத்துக்கு, அவளுக்குச் சம்பளம் கூட்டினால் எதை மூடி மறைக்க என்று ஒவ்வொன்றாக மனசுக்குள் சிவப்பு வட்டம் போட்டாள், போட்ட வட்டத்தை அடுத்த மாசம் அவளே அழிக்க வேண்டி வந்தது. ஒன்றே ஒன்றுதான் அழியாமல் நின்றது. மௌனகுரு காணாமல் போன வாரம் அவள் வீட்டுக்குப் பின்னால் ஒரு முருங்கைப் போத்து நட்டிருந்தாள், அது காய்த்துக் கொட்டியது, சடை சடையாகக் காய்த்ததை அவள் சாம்பார் வைத்து ஆபீசுக்கே கொண்டுவருவாள். எல்லோரும் வழித்து வழித்துச் சாப்பிட்டார்கள். சென்னியப்பன் மட்டும் தொடமாட்டான். தட்டை நகர்த்திக்கொள்வான், அன்றைக்கு வயிறு சரியில்லை என்பான், முகம் வெளிறும். எங்கள் வீட்டுச் சோறு இறங்கவில்லை என்றால் அந்தத் தொண்டையில் என்ன குற்றம் நிற்கிறது என்று அவள் கேட்டுக்கொண்டாள்.

ஆபீஸ் என்னவோ வளர்ந்துகொண்டேதான் போனது, கே வந்தது, எல் வந்தது, எம் வந்தது, ஊரில் பாதிப் பிள்ளைகள் அங்கேதான் வேலைக்குப் போயின, கோழிப்பண்ணை என்று சொன்னால் சின்னவர்களுக்குப் புரிவதில்லை. அறை கூடக்கூட ஆபீசுக்குள் நம்பிக்கை குறைந்துகொண்டே வந்தது. டிபன் பாக்ஸ் திறந்தால் எவனோ ஒரு வாய் எடுத்த மாதிரி இருக்கும், ஓர் இட்லி குறையும், ஒரு கரண்டி தயிர்சாதம் பள்ளமாகக் கிடக்கும், பூஜை முடிந்து ஜே அறை அலமாரியில் வைத்த பொரி மூட்டை மாசக்கடைசிக்குள் காலியாகிவிடும். ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டார்கள், பாக்ஸுக்குப் பூட்டுப் போட்டார்கள், பூட்டியும் குறைந்தது. ஹெச் அறைச் சுவருக்குள் எப்போதாவது நாற்காலி இழுபடுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும், எலி என்று பாஷாணம் வாங்கி வைத்தார்கள், எலி ஒன்றும் சாகவில்லை, பாஷாணத்தை வாங்கி வந்தவன் கமிஷன் அடித்துவிட்டான் என்றார்கள்.

எம்முக்கு அடுத்த எழுத்தான 'என்' அறை முளைத்த வருஷம் ஒரு பெரிய வேலை வாசல்வரை வந்தது. இத்தனை காலம் பிராக்கெட்டாகப் போட்டுக்கொண்டிருந்தவர்களிடம் விமானத்தின் முழுக் கதவையே ஒப்படைக்கிறோம் என்றார்கள் சீமைக்காரர்கள், அதற்கு முன் ஆள் அனுப்பி ஆபீசைப் பார்ப்போம், கட்டடத்தின் முழு வரைபடம் ஒன்று தயாராக இருக்கட்டும் என்றார்கள். இளவட்டங்கள் அறை அறையாகப் போய் அளந்து வரைந்து ரேணுகாதேவியின் மேசையில் வைத்தன. அவள் தன் வழக்கப்படி அதை நம்பவில்லை. புது டேப் ஒன்றை வாங்கிக்கொண்டு, வெயிலில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு கட்டடத்துக்கு வெளியே நீளத்தை அளந்தாள், உள்ளே வந்து அறைகளை அளந்தாள், சுவர்க் கனத்தைச் சேர்த்தாள், கூட்டினாள். எத்தனையோ ஆயிரம் காகிதங்களைச் சரிபார்த்தவள் தான் உட்கார்ந்திருந்த கட்டடத்தை ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. வெளிக்கணக்கும் உள்கணக்கும் ஒத்துப்போகவில்லை. ஓர் அறை அகலம் இடித்தது. எங்கே என்று சுவர் சுவராகத் தேடி வந்து ஹெச்சுக்கும் ஜேவுக்கும் நடுவில் நின்றாள். அவளுக்கு வந்தது பயமா ஆத்திரமா என்று பிரித்துச் சொல்ல முடியாது, இரண்டும்தான்.

சென்னியப்பனிடம் போனாள். "ஏனுங்ணா, ஹெச்சுக்கும் ஜேவுக்கும் நடுவுல பத்தடி இடிக்குது."

"டேப்பு பழசா இருக்கும் ரேணுகா."

"புதுசுங்ணா."

"செவுத்துக் கனம் சேத்துனயா?"

"சேத்தியாச்சுங்ணா. அங்க ஒரு ரூம்பு இருக்குது. ஐ ரூம்பு."

சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், துடைத்த கண்ணாடியைப் போடாமலே மறுபடி துடைத்தான். பிறகு யாருக்கும் கேட்காத குரலில், "இருக்கறது இருந்துட்டுப் போகட்டும் விடு. நானும் ஒண்ணும் கேக்கலை, நீயும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். பத்தடியப் படத்துல எங்கயாவது பிரிச்சு ஒளிச்சுக் கையெழுத்துப் போட்டுரு" என்றான்.

அகப்பட்டான் என்று நினைத்தாள் ரேணுகாதேவி. நேராகப் போய்க் கொத்தனார் ஆறுச்சாமியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தள்ளாடுகிற வயசாகிவிட்டது அவருக்கு, ஆனாலும் கடப்பாரையோடுதான் வந்தார், "கட்டலை கட்டலைன்னு இத்தனை வருசம் தொண்டை கிழியச் சொன்னன், ஒருத்தரும் நம்பலை, இடிக்கறதையாவது நான் இடிச்சேன்னு ஒத்துக்கங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். அத்தனை பேரும் வேலையைப் போட்டுவிட்டு ஹெச் அறைக்குள் கூடிவிட்டார்கள். சென்னியப்பன் கடைசியாக வந்து கதவோரம் நின்றான், அவன் நிலையை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்பதை எல்லோரும் பார்த்தார்கள், பார்த்தபின் அவனை விட்டு ஓரடி தள்ளி நின்றார்கள்.

அவள் மேசைக்கு எதிர்ச்சுவரில், அந்த அறை முளைத்த வருஷம் மாட்டிய விமானப் படம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. அதற்குப் பக்கத்தில் ஆறுச்சாமி கடப்பாரையை வைத்தார். சுவர் பெரிதாக எதிர்ப்புக் காட்டவில்லை, நாலு இடிக்கு ஆள் நுழைகிற அளவு வழி விட்டது.

உள்ளே மௌனகுரு உட்கார்ந்திருந்தான். அவனுடைய அதே நாற்காலி, பூஜை அன்றைக்குப் போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டை, தலை மட்டும் நரைத்திருந்தது. பக்கத்தில் காலிப் பொரிப் பைகள் ஒழுங்காக மடித்து அடுக்கியிருந்தன. அவனுக்கு நேர் எதிரே, அந்த விமானப் படம் மாட்டியிருந்த இடத்தில், இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் அது படமில்லை, தெளிவான ஜன்னல். ஜன்னல் வழியாக ரேணுகாதேவியின் மேசை தெரிந்தது, அவள் நாற்காலி தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை.

உசிரோடு இருக்கிறார் என்பதுதான் அவளுக்கு முதலில் வந்தது. சந்தோஷத்தில் இடிபாட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள், அழுதாள், அவன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ஏனுங்க, யாருங்க உங்கள உள்ள வெச்சு அடைச்சது? சொல்லுங்க, பயப்படாம சொல்லுங்க" என்றாள், சென்னியப்பனைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

"யாரும் அடைக்கலை" என்றான் மௌனகுரு. பேசிப் பழக்கம் விட்டுப்போன குரல் கரகரத்தது. "கண்ணாடி எடுக்க வந்தன். இந்த ரூம்பு வாசல் தெறந்து இருந்துச்சு. நாற்காலியத் தூக்கிட்டு நானேதான் வந்து உக்காந்தன்."

"எதுக்குங்க?"

"பாக்கறதுக்கு."

"எதைங்க பாக்கறதுக்கு?"

"உன்னையும் அவனையும்தான்." கதவோரம் நின்றவனை முகவாயால் காட்டினான். "அன்னைக்குச் சுண்டல் போடறப்ப எல்லாத்துக்கும் ஒரு கரண்டி போட்ட. அவனுக்கு ரெண்டு கரண்டி போட்ட."

ரேணுகாதேவிக்கு அந்தச் சுண்டல் ஞாபகமே இல்லை, கொண்டைக்கடலையா தட்டைப்பயறா என்றுகூட ஞாபகமில்லை. அவள் மெதுவாக அவன் கையை விட்டாள்.

"நான் இங்க உக்காந்து அழுதனே. உங்க மேசையப் பாத்து அழுதனே, தெனமும். அதையும் பாத்தீங்களா?"

"பாத்தன்."

"ஒருக்காக்கூட எந்திரிச்சு வரணும்னு தோணலீங்களா?"

"தோணுச்சு. நடிப்பா இருக்குமோன்னு இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாம்னு இருந்தன்." பிறகு, பெரிய மனசு பண்ணி ஒரு பரிசைக் கொடுக்கிறவனாக அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஆனா ஒண்ணு சொல்லோணும் புள்ள. இத்தனை வருசம் கண்ணு இமைக்காமப் பாத்துட்டன். உம்மேல ஒரு தப்புக்கூடக் கண்டுபிடிக்க முடியலை."

போலீஸ் பெஞ்சும், தயங்கி நின்ற குங்குமத் தட்டும், ஒற்றையாளாகச் சாப்பிட்ட பொங்கலும் தீபாவளியும், கோயிலில் முடிந்துவைத்த துணியும் எல்லாம் ஒன்றாக வந்து அவள் நெஞ்சில் இடித்தன. அவள் எழுந்தாள், சேலையில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிவிட்டாள். சத்தம் போடவில்லை.

"தப்பில்லைன்னு தெரிஞ்ச அன்னைக்கே கையெழுத்துப் போட்டு ரிலீஸ் பண்ணியிருக்கோணுங்க. பாத்துட்டே உக்காந்திருக்கக் கூடாது. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

மௌனகுரு ஜன்னலைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கதவோரம் நின்ற சென்னியப்பனைப் பார்த்தான், பார்க்கப் பார்க்க அவன் கண்ணில் பழைய இடுக்கம் திரும்ப வந்து உட்கார்வதை எல்லோருமே கண்டார்கள். "எதுக்கும் இன்னொருக்காப் பாத்துர்றன்" என்றான்.

"பாருங்க" என்றாள். ஆறுச்சாமியிடம் திரும்பினாள். "அடைச்சற வேண்டாங்ணா. இந்த எடத்துல ஒரு கதவு வெச்சுருங்க. தாப்பா உள்பக்கத்துல மட்டும் போதும்."

அவள் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது சென்னியப்பன் பின்னாலேயே வந்தான். தான் சொன்ன விதி தன்மேலேயே வந்து விழுந்திருப்பது அவளுக்கு அப்போது உறைத்தது. இந்த மனுஷனையும்தான் அவள் இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், ஒரு தப்பும் அகப்படவில்லை, விடவும் இல்லை. வெட்கமாக இருந்தது.

"அண்ணா, நீங்கதான் அவர ஏதோ பண்ணிப்போட்டீங்கன்னு நெனச்சுட்டு இருந்தனுங்ணா."

"தெரியும்" என்றான் சென்னியப்பன். "நான் நீதான்னு நெனச்சுட்டு இருந்தன்."

"நானுங்களா?"

"அவன் காணாமப் போன வாரந்தான ஊட்டுக்குப் பொறத்தால முருங்கை வெச்ச? அது அப்பிடிக் காச்சுக் கொட்டுச்சே. அத்தனை காய் காய்க்கோணும்னா அடியில என்ன உரம் கெடக்குதோன்னு…" அவன் வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்தான். "இன்னைக்கு ரூம்பு இருக்குதுன்னு நீயே வந்து சொல்லவும், முருங்கையில்ல, இங்கதான் வெச்சு அடைச்சுட்டியாட்ட இருக்குதுன்னு பயந்துபோயிட்டன்."

"அப்பிடி நெனச்சுட்டா என்னைய வேலைக்கு வெச்சிருந்தீங்க?"

"உன்னையாட்டம் செக்கிங்குக்கு ஆள் கெடைக்கோணுமில்ல" என்றான்.

ரேணுகாதேவிக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள், உள்ளே ஜன்னலோரம் இருந்தவனுக்கு இந்தச் சத்தம் கேட்குமே என்று ஒரு கணம் தோன்றியது, கேட்கட்டும் என்று இன்னும் சிரித்தாள். அன்று சாயங்காலமே வரைபடத்தில் ஹெச்சுக்கும் ஜேவுக்கும் நடுவே ஐ என்று அறையைக் குறித்து, கணக்கு ஒத்துப்போனதைக் கண்டு, கையெழுத்துப் போட்டு ரிலீஸ் பண்ணினாள். மறுநாள் முருங்கைக்காய் சாம்பாரைச் சென்னியப்பன் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

ஆபீஸ் இதையும் ஏற்றுக்கொண்டது, ஏற்றுக்கொள்ளாமல் என்ன செய்யும். சீமையிலிருந்து வந்தவர் ஐ என்று ஓர் அறையைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார், உள்ளே யார் என்று கேட்டார், தப்புக் கண்டுபிடிக்கிறவர் என்றார்கள், எத்தனை வருஷ அனுபவம் என்றார், சொன்னார்கள், இப்படி ஓர் ஆளை நான் எந்த ஆபீசிலும் பார்த்ததில்லை என்று கைகொடுத்துவிட்டுக் கதவு வேலையையும் கொடுத்துவிட்டுப் போனார். அது முதல் படங்களை எல்லாம் ஐ அறைக்குள் ஒரு சுற்று அனுப்பினார்கள். மௌனகுரு ஒவ்வொன்றிலும் ஏதாவது சந்தேகம் கிளப்புவான், அதில் பாதி நியாயமாகவும் இருக்கும், கையெழுத்து மட்டும் ஒன்றிலும் போடமாட்டான், அதை ரேணுகாதேவிதான் போட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் அவனுக்கும் ஒரு தட்டு போனது, டிபன் பாக்ஸுகளின் பூட்டுகள் போயின. தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது, அவன் ஒருநாளும் அதைத் திறந்துகொண்டு வெளியே வரவில்லை. ரேணுகாதேவி மாரியம்மன் கோயிலுக்குப் போய்த் துணியை அவிழ்த்தாள், வீட்டில் அவன் சட்டைகளை எடுத்து வெயிலில் போட்டு மடித்து ஐ அறைக்குக் கொடுத்தனுப்பினாள், தன் மேசையை ஹெச்சிலிருந்து கிளப்பிக் கிழக்கே ஏ அறைக்கு, பழைய பண்ணைக்கே கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டாள். அங்கே வெளிச்சம் நன்றாக இருந்தது. அவள் நாற்காலி இருந்த இடம் காலியாகத்தான் கிடந்தது, அவன் அதையும் விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. 'என்' அறைக்கு அப்புறம் 'ஓ' வர வேண்டும், அதுவும் சைபரைப் போலத் தெரியும் என்று விட்டுவிடுகிற எழுத்து. கட்டடம் இந்த முறையும் ஒன்றைத் தாண்டும், தாண்டினால் யாரை உள்ளே வைத்துக்கொள்ளுமோ என்று எல்லோருக்கும் உள்ளூர உதறல். யாரும் தனியாக எங்கும் போகக்கூடாது, மறந்ததை மறந்ததாகவே விட்டுவிட வேண்டும், வாசலில் தலை எண்ணித்தான் பூட்டுவது என்று பேசி வைத்துக்கொண்டார்கள். புருஷன்மார் பெண்டாட்டிகளையும் பெண்டாட்டிகள் புருஷன்மாரையும் வாசலிலேயே வந்து நின்று பிடித்துக்கொண்டார்கள்.

பூஜை ஹெச் அறையில்தான் நடந்தது, பூசணிக்காய் உடைத்தாயிற்று, கருவிகளை இலையில் வைத்தாயிற்று. ரேணுகாதேவி சுண்டல் பாத்திரத்தோடு வரிசையாக வந்தாள். ஆளுக்கு ஒரு கரண்டி. ஆறுச்சாமிக்கு ஒரு கரண்டி, வாசலில் நின்றவர்களுக்கு ஒரு கரண்டி, ஐ அறைக்குப் போகிற தட்டில் ஒரு கரண்டி. அவளுடைய பழைய நாற்காலி இருந்த இடத்தில் நின்ற சென்னியப்பன் இலையை நீட்டினான். அவள் ஒரு கரண்டி போட்டாள். அப்புறம் அந்த விமானப் படத்தை நிமிர்ந்து ஒரு தரம் பார்த்துவிட்டு, நிதானமாக, கரண்டி நிறைய அள்ளி, இன்னொன்றும் போட்டாள்.

சுவருக்குள் நாற்காலி ஒன்று இழுபட்டது. அவள் அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.